மூன்றாவது கேள்வி

சுகந்தி மிஸ், ஒன்பதே முக்கால் மணிக்கு எங்கள் வீட்டு கேட்டில் ஒரு சத்தம் கேட்டது. கல் பட்டால் இரும்பு கணீரென்று கேட்கும். கம்பு பட்டால் வேறு மாதிரி கேட்கும். இது இரண்டும் இல்லை. ஈர மண்ணாங்கட்டியால் இரும்பை அடிக்கிற மாதிரி மொத்தென்று ஒரு சத்தம். முதலில் இரண்டு. கொஞ்சம் நிறுத்தி, மூன்று. மொத், மொத். மொத், மொத், மொத்.

சத்தம் புதிது. ஆனால் அந்த இரண்டும் மூன்றும் நான் சொல்லிக்கொடுத்தது.

நேற்று போனில் கேட்டீர்கள். "ஏன் மிஸ் திடீர்னு விட்டுட்டீங்க? திங்கக்கிழமை உங்க எடத்துக்கு நான் போறேன், ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?" என்று. ஒன்றுமில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். பொய் பாவம் என்று பன்னிரண்டு வருடம் கான்வென்ட்டில் படித்தவள் நான். அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

மெர்லின் மடியில் தூங்குகிறாள். பதினோரு மாதம். இரண்டு நாள் காய்ச்சல் இப்போதுதான் விட்டிருக்கிறது. இவள் அப்பா கப்பலில் இருக்கிறார், எந்தக் கடலில் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. வீட்டில் நானும் இவளும் ஒரு கதவும்தான்.

கேட்டுக்கு வெளியே நிற்பது உச்சிமாகாளி. பதினாறு வயது. கூர்நோக்கு இல்லத்தில் என் நாடக வகுப்பில் இருந்த பையன். கைக்கட்டு பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன இடத்தில் ஓடிவிட்டான் என்று ஆறு மணிக்கே இல்லத்து சூப்பிரண்டு சார் போன் செய்து சொல்லியிருந்தார். அவன் வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. அதன் மேல் ஏதோ துணியைச் சுற்றியிருக்கிறான். அந்தக் கையால்தான் தட்டுகிறான். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். துணிக்குள் கத்தி இருக்கலாம்.

கேட் பூட்டியிருக்கிறது. வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, ஆனால் தாழ்ப்பாள் போடவில்லை. மழைக்காலத்தில் எங்கள் கதவு ஊதிக்கொள்ளும், சட்டத்துக்குள் முழுசாகப் போய் உட்காராது. தாழ்ப்பாள் விழ வேண்டுமென்றால் தோளால் முட்டித் தூக்கி, உள்ளங்கையால் அடிக்க வேண்டும். தெருக்கோடி வரை கேட்கும். குழந்தை எழுந்துவிடுவாள். தவிர, அந்தச் சத்தம் அவனுக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். முகத்தில் அடித்தாற்போல் நடந்துகொள்ள எனக்கு வராது மிஸ்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜூன் மாதம் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள், இரண்டு மணி நேரம். 'கலைவழிக் கல்வி' என்று உத்தரவில் போட்டிருந்தது. இருபத்தோரு பையன்கள். திருட்டு, அடிதடி, ஒருவன் மேல் கொலை வழக்கு. முதல் நாள் ஆளுக்கொரு கலர் பென்சில் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒருவன் பக்கத்தில் இருந்தவன் தொடையில் குத்தி, முனையை உள்ளேயே ஒடித்துவிட்டான். ரத்தம் டிரவுசரில் பரவுகிறது. குத்து வாங்கியவன் அழவே இல்லை. "ஊதா கலர்ல குத்திட்டான் மிஸ். செவப்புல குத்தியிருந்தா ரத்தம் தெரியாதுல்லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன்தான் உச்சிமாகாளி.

தலைமைக் காவலர் தங்கப்பழம் அண்ணன் ஓடிவந்து, குத்தினவன் பிடரியில் ஒன்று போட்டார். ஒன்றுதான். அவன் மூக்கு மேசையில் இடித்து உடைந்ததற்கு அவர் என்ன செய்வார்? என்னைப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா. இதுக கோயில் கிடா மாதிரி. தண்ணி தெளிச்சாத்தான் தலையாட்டும்" என்றார்.

நல்ல மனிதர். மழை நாளில் பஸ் ஸ்டாப் வரை குடை பிடித்துக்கொண்டு வருவார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிவந்த நாட்களில் சமையல்கட்டில் பால் காய்ச்சி, ஆற்றி, டம்ளரில் கொண்டுவந்து தருவார். உங்களிடமும் அப்படித்தான் இருப்பார். பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், அண்ணே என்று கூப்பிட்டால் சந்தோஷப்படுவார்.

பென்சில் சரிவராது என்று தெரிந்துபோயிற்று. அதனால் கதவு விளையாட்டைக் கொண்டுவந்தேன். நானே யோசித்தது. நீங்களும் இதையே தொடரலாம், அதற்காகத்தான் விவரமாக எழுதுகிறேன்.

பழைய போர்வை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதில் ஒரு கதவு பெயின்ட் செய்யச் சொன்னேன். எந்தக் கதவு என்று கேட்டார்கள். என் போனில் இருந்த எங்கள் வீட்டுப் படத்தைக் காட்டினேன். நீலக் கதவு, பக்கத்தில் ரேஷன் கடைச் சுவர், நம்பர் பதினாலு. பேச்சிமுத்து என்று ஒரு பொடியன், பதிமூன்று வயது, பால்பண்ணையில் சைக்கிள் திருடியவன், அவன்தான் நன்றாக வரைவான். அச்சு அசலாக வரைந்துவிட்டு, தாழ்ப்பாளை மட்டும் கதவின் வெளிப்பக்கம் போட்டுவிட்டான்.

"தாழ்ப்பாள் உள்ளேதானே இருக்கும் பேச்சி?" என்றேன்.

"நான் பாத்த தாப்பா எல்லாம் வெளியதான் மிஸ் இருக்கு" என்றான்.

வெள்ளை பெயின்ட் எடுத்து அதை அழித்துவிட்டேன். நம் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது என்று சொன்னேன்.

விதிகள் இவை. போர்வைக்கு உள்ளே ஒருவன், வெளியே ஒருவன். வெளியே இருப்பவன் சாப்பாட்டுத் தட்டில் ஸ்பூனால் தட்ட வேண்டும். இரண்டு, பிறகு மூன்று. உள்ளே இருப்பவன் மூன்றே கேள்வி கேட்கலாம். வெளியே இருப்பவன் பொய் சொல்லக் கூடாது. போர்வையைத் தள்ளவும் கூடாது, தட்டத்தான் வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டால், அது என்ன பதிலாக இருந்தாலும் உள்ளே இருப்பவன் திறந்தே ஆக வேண்டும். இதுதான் விளையாட்டு. நம்ப மாட்டீர்கள், இரண்டு வாரத்தில் அடிதடி பாதியாகக் குறைந்துவிட்டது. வரிசையில் நின்றார்கள் மிஸ், கதவுக்கு முன்னால் நிற்பதற்கு.

ஒருநாள் நான் உள்ளே, உச்சிமாகாளி வெளியே.

"யாரு?"

"உச்சிமாகாளி."

"எதுக்கு வந்தே?"

"பசிக்கி."

"உள்ளே வந்தா என்ன செய்வே?"

"தூங்குவேன்."

போர்வையைத் தூக்கி, பையில் இருந்த பன்னைக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு, "நெசமாவே உங்க வீட்டுக்கு வந்தாத் தொறப்பீங்களா மிஸ்?" என்றான்.

"நிஜமாவே திறப்பேன்" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். வேறு என்ன சொல்ல முடியும், சொல்லுங்கள்? அது வகுப்பு. வகுப்பில் அப்படித்தான் சொல்வோம்.

இதோ, மறுபடி தட்டுகிறான். இரண்டு. மூன்று. மெதுவாகத்தான் தட்டுகிறான், அக்கம்பக்கம் எழுந்துவிடக் கூடாது என்று நினைக்கிறான் போல.

அக்டோபரில் பேச்சி ஒரு காட்சி நடித்துக் காட்டினான். உள்ளே அவன். வெளியே உச்சிமாகாளி, காவலர் வேடம். மூன்று கேள்வி முடிந்து போர்வை தூக்கியதும் காவலர் உள்ளே நுழைகிறார். இடம் ஸ்டோர் ரூம் என்றார்கள். அரிசி மூட்டை மேல் பையனைக் குப்புறப் போடுகிறார். வாயில் ஒரு சாக்ஸைத் திணித்து, பிறகு அதை எடுத்துவிடுகிறார். "ஏன் எடுக்கணும்?" என்று கேட்டேன். "எண்ணணும்லா மிஸ்" என்றான் பேச்சி. பிளாஸ்டிக் பைப்பில் ஈரத் துண்டைச் சுற்றி உள்ளங்காலில் அடிக்கிறார். துண்டு சுற்றினால் தோலில் தடம் விழாதாம். அடி வாங்குகிறவனே ஒண்ணு, ரெண்டு என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மறுபடி ஒண்ணிலிருந்து. பேச்சி பதினேழில் வேண்டுமென்றே தப்பினான்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "எங்கே பார்த்தே இதெல்லாம்?" என்றேன்.

பேச்சி மாகாளியைப் பார்த்தான். மாகாளி சுவரைப் பார்த்தான். "சும்மா மிஸ். கற்பனை" என்றான் பேச்சி.

என் நோட்டில் தேதி போட்டு, அவன் சொன்னதையெல்லாம் வரிக்கு வரி எழுதி, கீழே 'அபாரமான கற்பனை வளம்' என்று குறித்துக்கொண்டேன். அந்த நோட்டில்தான் இப்போது பின்பக்கத்திலிருந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

குழந்தைகள் தினத்துக்கு இதையே நாடகமாகப் போடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் கான்வென்ட்டில் ஒரு பழக்கம் உண்டு. மதர் ஃப்ளேவியா கையெழுத்துப் போடாமல் ஒரு வரிகூட மேடைக்குப் போகாது. நானும் நாடகத்தைச் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். ஓரத்தில் சிவப்பு மையில், எந்தக் காட்சி யார் சொன்னது என்று ஒவ்வொரு பையன் பெயரையும் போட்டேன். யாருக்கும் தெரியாத பையன்கள், ஒரு காகிதத்திலாவது அவர்கள் பெயர் மரியாதையாக வரட்டுமே என்றுதான். போலீஸ் காகிதம் தவிர வேறு எதில் அவர்கள் பெயர் வந்திருக்கிறது? ஸ்டோர் ரூம் காட்சிக்கு நேரே 'கதை: பேச்சிமுத்து. நடிப்பு: பேச்சிமுத்து, உச்சிமாகாளி' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சூப்பிரண்டு சார் முழுக்கப் படித்தார். சிரித்தார். "பேரெல்லாம் தனித்தனியாப் போட்டிருக்கீங்க, ரொம்ப நல்லது" என்றார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. எவ்வளவு பெருந்தன்மை, பாருங்கள்.

அடுத்த வகுப்புக்குப் பேச்சி குதிகாலால் நடந்து வந்தான்.

"என்ன ஆச்சு?"

"முள்ளு குத்திட்டு மிஸ்."

"ரெண்டு காலிலுமா?"

"ரெண்டு முள்ளு மிஸ்."

அவனுக்கு எப்போதும் விளையாட்டுதான். நான் பேண்டேஜ் வாங்கித் தந்தேன்.

புதன்கிழமை நாடகம். பெரிய அதிகாரிகள் முன்வரிசையில். நான் மெர்லினை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றேன், வெள்ளை ஃபிராக் போட்டிருந்தாள். பேச்சி வரவில்லை. காய்ச்சல், படுத்திருக்கிறான் என்று தங்கப்பழம் அண்ணன் சொன்னார். காட்சியை எடுத்துவிடலாமா என்று மாகாளியிடம் கேட்டேன். "வேண்டாம் மிஸ். நான் தனியாப் பண்ணிக்கிடுதேன்" என்றான்.

அவன் பேச்சியின் கட்டம் போட்ட சட்டையைக் கொண்டுவந்து மேடையில் விரித்தான். மேல் பட்டனுக்குப் பதிலாக நான் குத்திவிட்ட ஊக்கு அதில் இருந்தது. முதுகுப் பக்கம் காப்பி கொட்டின மாதிரி கறை. ஈரத் துண்டு சுற்றிய பைப்பால் அந்தச் சட்டையை அடிக்க ஆரம்பித்தான். அவனே எண்ணினான். பத்து. பதினைந்து. பதினேழு வந்ததும் நிறுத்தி, "தப்பா எண்ணிட்டான், மறுபடி ஒண்ணுலருந்து" என்றான். கீழே கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஒத்திகையில்கூட அவ்வளவு நன்றாக வந்ததில்லை.

அப்போதுதான் மாகாளி திரும்பி, மேடைக்குப் பக்கத்தில் நின்ற தங்கப்பழம் அண்ணனைப் பார்த்து, "சார், நான் சரியா அடிக்கனா? மேல வந்து சொல்லிக்குடுங்களேன்" என்றான்.

அவர் சிரித்துக்கொண்டேதான் ஏறினார். அவன் தோளில் கை போட்டு, "வால, போதும்" என்றார். மாகாளி கீழே கிடந்த எவர்சில்வர் தட்டை எடுத்து, விளிம்பால் அவர் நெற்றியில் வெட்டினான். ஒரு தடவை இல்லை. மூன்று தடவை. புருவம் பிளந்து தோல் தொங்கிற்று. அவர் முட்டி போட்டு விழுந்தார். விழுந்தவர் வாயில் நான்காவது. பல் ஒன்று என் செருப்பருகே வந்து விழுந்தது. பையன்கள் எல்லாரும் தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். காவலர்கள் ஏறிவிட்டார்கள். மண்டையும் லத்தியும் தட்டுமாக, எது எதன் மேல் படுகிறது என்றே தெரியவில்லை. போர்வைக் கதவு கிழிந்து ஒரு பையன் கழுத்தில் சுற்றிக்கொண்டது. மெர்லினின் வெள்ளை ஃபிராக்கில் தெறித்துப் பொட்டுப் பொட்டாக ரத்தம். அவள் அதைத் தொட்டு வாயில் வைக்கப் போனாள்.

நான் கத்தினேன். "மாகாளி, என்ன செய்யறே நீ?"

நாலு பேர் அவனை அமுக்கியிருந்தார்கள். ஒருவர் முழங்கால் அவன் கழுத்தில். தரையில் அழுந்திய வாயால் சொன்னான்: "நெசமா இருக்கணும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க."

சொன்னேன்தான். நடிப்பைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. அன்று ராத்திரி அவன் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கை விரல்கள் நான்கும் உடைந்துவிட்டன என்று சூப்பிரண்டு சார் சொன்னார். பாசி வழுக்கும், நீங்களும் அங்கே குளியலறைப் பக்கம் பார்த்துப் போங்கள்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். முதல் தடவை சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"யாரு?"

"மாகாளி மிஸ். தனியாத்தான் வந்திருக்கேன்."

"எதுக்கு வந்தே?"

பிறகு சொன்னான். "பேச்சி செத்துட்டான் மிஸ். வியாழக்கிழமை விடியக்காலம். காய்ச்சல்னு எழுதிட்டாங்க. எனக்குப் பக்கத்துப் பாயிலதான் கெடந்தான். தூக்கத்துல எண்ணிக்கிட்டே இருந்தான், பதினாறு வரைக்கும் வந்தான். உங்க நோட்டுல அவன் சொன்னது தேதி போட்டு இருக்குல்லா, அதை நாளைக்கி ஜட்ஜம்மாட்ட குடுப்போம். நானும் வாரேன், என் கையைக் காட்டுதேன். விடியுற வரைக்கும் உள்ள இருந்துக்கிடுதேன் மிஸ். அடுப்படியில இருந்தாக்கூடப் போதும்."

அப்புறம், "மூணாவது கேளுங்க மிஸ்" என்றான்.

நான் கேட்கவில்லை. வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சி செத்திருந்தால் சூப்பிரண்டு சார் சொல்லியிருக்க மாட்டாரா? ஆறு மணிக்குப் பேசினபோது மெர்லினுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்றுகூட விசாரித்தாரே. பொறுப்பான மனிதர், இவ்வளவு பெரிய விஷயத்தை மறைப்பாரா? இந்தப் பையன்கள் பேச்சு தெரிந்ததுதானே. ஆனாலும் பதினாறு என்றானே, அதுதான் கொஞ்சம்... போகட்டும்.

நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். இல்லத்துக்குப் போன் போட்டேன். தங்கப்பழம் அண்ணன்தான் எடுத்தார். ஏழு தையல், முன்பல் இல்லை, பேச்சு காற்றாக வருகிறது, பாவம். "தொறந்துராதீங்கம்மா. பய கத்தி வச்சிருப்பான். முக்கா மணி நேரத்துல வாரேன். அந்த நோட்டையும் எடுத்து வைங்க, வாங்கிக்கிடுதேன்" என்றார். எந்த நோட்டு என்று நான் கேட்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. முன்பக்கங்களை அவரிடம் கொடுத்துவிடுவேன், அலுவலக விஷயம் அது. இந்தப் பின்பக்கங்களைக் கிழித்து நாளை உங்களுக்குத் தபாலில் போடுகிறேன்.

குழந்தை வைத்திருப்பவள் மிஸ் நான். நீங்களே சொல்லுங்கள்.

பைக் சத்தம் கேட்கிறது.

அவனுக்கும் கேட்டிருக்கும். தட்டுவது நின்றுவிட்டது. "மிஸ், யார் கூப்பிட்டா?" என்கிறான். ஓடவில்லை. ஏன் ஓட மாட்டேன் என்கிறான்? ஓடினால் எல்லாருக்கும் நல்லதுதானே.

இப்போது கையெழுத்து கோணலாக வந்தால் மன்னியுங்கள். வெளியே அடிக்கிறார். ஒருவர் இல்லை, இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். கேட்டோடு சேர்த்து அடிக்கிறார்கள், கேட் அதிர்கிறது. "எண்ணுல. எண்ணுலங்கேன்" என்று தங்கப்பழம் அண்ணன் குரல். மாகாளி எண்ணுகிறான். ஒண்ணு. ரெண்டு. நாடக வசனத்தைச் சொல்கிறான். பயத்தில் மனப்பாடமானதுதானே வாயில் வரும். எதிர் வீட்டில் விளக்கு எரிந்து, அணைந்துவிட்டது. ஒன்பது. பத்து. மெர்லினின் காதைப் பொத்திக்கொண்டே எழுதுகிறேன்.

பதினேழு.

நின்றுவிட்டது. யாரோ கத்துகிறார்கள், அது மாகாளி இல்லை. கடித்துவிட்டான் போல. கேட்டில் ஏறுகிறான்...

மிஸ், வெளியே எல்லாம் அடங்கிவிட்டது, இதை முடித்துவிட்டுப் படுக்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உடைந்த கையோடு அவன் கேட்டைத் தாண்டிக் குதித்தான். வெளியிலிருந்து ஒருவர் காலைப் பிடித்து இழுத்ததில் முகம் படியில் மோதிற்று. எழுந்து கதவுக்கு வந்துவிட்டான். மாவுக்கட்டின் மேல் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து வாசலில் கிடந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன், கட்டம் போட்ட சட்டை, ஊக்கு மினுங்கிற்று. கத்தி எதுவும் இல்லை. இருந்திருக்கலாம்.

அவன் கதவைத் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் திறந்திருக்கும், ஒரு விரல் பட்டாலே போதும். பின்னால் அவர்கள் கேட்டை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், இவன் நின்று தட்டுகிறான். இரண்டு. பிறகு மூன்று. வெளியே இருப்பவன் தள்ளக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்ததை அந்த நேரத்திலும் மறக்கவில்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், அந்த விளையாட்டு அவர்களுக்கு எவ்வளவு ஒழுக்கத்தைக் கொடுத்திருக்கிறது, பாருங்கள். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

"மிஸ், மூணாவது கேளுங்க. சீக்கிரம் கேளுங்க மிஸ். என்னமாவது ஒண்ணு கேளுங்க."

கேட்டால் திறக்க வேண்டும். அதுதான் விதி. நான் ஏற்படுத்திய விதியை நானே மீற முடியுமா? கடைசி வரை நான் வாயைத் திறக்கவே இல்லை. அந்த விஷயத்தில் என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது.

மெர்லினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய், தோளால் முட்டிக் கதவைத் தூக்கி, உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி. தாழ்ப்பாள் விழுந்தது.